மேல் வீடு காலி, கீழ் வீட்டில் ஆள்

"இந்த மாசம் முடியறதுக்குள்ள மேல் வீட்டுக்கு ஆள் வரலேன்னா, சாவியைச் சின்னவ கையில குடுத்துடறேன். அவ பார்த்துக்கட்டும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கணவர் இதைச் சொல்லி ஒரு வாரமாகிறது. பெரியவளுக்கு அது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வீட்டை விற்றுத் தலைமுழுகிவிடுகிறேன் என்றிருக்கலாம். உனக்குத் துப்பில்லை என்றிருக்கலாம். பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பாள். ஆனால் சின்னவள் பார்த்துக்கொள்ளட்டும் என்றால்? ஓரகத்தியிடம், அதுவும் தனக்குப் பின்னால் வந்தவளிடம், தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

புதிதாக வந்தவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வோம். அண்ணனும் தம்பியும் ஒரே கட்டடத்தில், ஒரே நாளில், ஆளுக்கொரு அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். குடியிருக்க அல்ல. குடியிருக்க அப்பா விட்டுப்போன பழைய வீடு இருக்கிறது. நாலு பேரும் அங்கேதான் ஒரே சமையலறையில் முட்டிக்கொள்கிறார்கள். இவை வாடகைக்கு விட. வருகிற வாடகையை வங்கிக் கடனுக்குக் கட்டிக்கொண்டே வந்தால், தலை நரைக்கிறபோது கடனும் தீர்ந்திருக்கும், வீடும் சொந்தமாகியிருக்கும் என்பது திட்டம்.

திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பெரியவளிடம்தான்.

மூத்தவர்களுக்குத்தானே முதல் உரிமை என்று ஓடிப்போய் மூன்றாவது மாடி மூலை வீட்டைப் பிடித்தாள். இரண்டு பால்கனி, மூன்று பக்கமும் வெளிச்சம். சின்னவளுக்கு மிஞ்சியது இரண்டாவது மாடியில் படிக்கட்டை ஒட்டிய சின்ன வீடு. "எனக்கு இதுவே போதும்க்கா" என்று அவள் சிரித்தபோது, பெரியவளுக்கு ஜெயித்துவிட்டதாகத்தான் இருந்தது.

அதோடு விட்டாளா? அவளுக்கு வேலை பெரிய மர சாமான் கடையில், விற்பனைப் பகுதிக்குத் தலைமை. கடையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைக்கிற தள்ளுபடியில் வீடு முழுக்க மரத்தரை போட்டாள். ஹாலில் ஒரு சுவர் நிறையக் கண்ணாடி. கூரையில் ஒளிந்துகொண்டு எரிகிற விளக்குகள். வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று கணவர் கேட்டார். நல்ல வீடுதான் நல்ல ஆளைக் கொண்டுவரும் என்றாள்.

வந்தார்கள், வராமல் இல்லை. ஆனால் வந்தவர்களை அவள் பார்த்தது வாடகைக்கு ஆள் பார்க்கிற மாதிரி இல்லை, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. ஒருவரிடம் நாய் இருந்தது, வேண்டாம். ஒருவருக்குக் கைக்குழந்தை, மரத்தரை என்னாவது? ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர் போலத் தெரிந்தார். இன்னொருவருக்கு நாயும் இல்லை, குழந்தையும் இல்லை, நாற்காலிகூட இல்லை. ஒன்றுமே இல்லாதவனை எதை நம்பி உள்ளே விடுவது என்று அவரையும் அனுப்பிவிட்டாள்.

மழை போய் வெயில் வந்தது. மேல் வீடு காலி. கடனுக்கான தவணை மட்டும் மாதம் தவறாமல் கணவரின் சம்பளத்திலிருந்து கழன்று போனது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

கீழ் வீட்டுக்கோ முதலில் எட்டிப்பார்த்த குடும்பமே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு நீச்சல் மாஸ்டர், அவர் மனைவி, மூன்று பையன்கள். முதல் தேதி காலையில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சின்னவளின் போன் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். வாடகை வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால் பெரியவளுக்கு டீ இறங்காது.

இன்று மாதத்தின் கடைசி நாள். கடையில் அவளுக்கு வார விடுமுறை.

காலையில் தரகருக்குப் போன் போட்டாள்.

"யாராச்சும் இருக்காங்களா?"

"இருந்தாங்க, மேடம். நீங்கதான் அவங்க செருப்பைப் பார்த்துட்டு வேண்டாம்னுட்டீங்க."

"அடியில ஆணி இருந்துச்சு. மரத்தரையில நடந்தா என்னாகும்?"

"கழட்டிட்டுத்தான் வந்திருப்பாங்க, மேடம்." தரகர் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. "வாடகையைக் கொறைங்க, இல்லேன்னா ஆசையைக் கொறைங்க. ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு இருந்தா நான் என்ன பண்றது?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வேலைக்குக் கிளம்பித் தயாராகச் சின்னவள் நிற்கிறாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. ஆளைப் பார்த்தால் எலும்புவரை பார்க்கிற மாதிரி ஒரு பார்வை உண்டு. கேட்டிருப்பாளோ என்று பெரியவளுக்கு முகம் சுட்டது.

"அக்கா, ஒரு உதவி. கீழ் வீட்டுல சமையலறைக் குழாய் ஒழுகுதாம். பிளம்பரை இன்னைக்கு வரச்சொல்லியிருக்கேன், எனக்கு லீவு கிடைக்கலை. நீங்க கொஞ்சம் கூட இருந்து பார்க்க முடியுமா?"

"குழாய் ஒழுகுதுன்னு எப்ப சொன்னாங்க?"

"நேத்து."

"நேத்து சொன்னதுக்கு இன்னைக்கே ஆளா? குடித்தனக்காரங்களை இப்படித் தலையில தூக்கி வெச்சுக்கிட்டா, நாளைக்கு விளக்குப் போடறதுக்கும் உன்னைத்தான் கூப்பிடுவாங்க."

"ஒழுகற குழாயை விட்டா சுவர் ஊறும்க்கா. அப்புறம் அவங்களுக்குச் செலவில்ல, நமக்குத்தான்." சொல்லிவிட்டுச் சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எப்படியும் நீங்க மேல் வீட்டைப் பார்க்கப் போவீங்கல்ல?"

அந்தக் கடைசி வரிதான் குத்தியது. போவாள்தான். காலி வீட்டைக் காவல் காக்க வாரா வாரம் போகிறாள். அது ஊருக்கே தெரிந்துவிட்டது போல.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்குக் கடைசி நாள்."

"தெரியும்."

"சாயங்காலம் நான் சின்னவகிட்டப் பேசறேன். உனக்கும் நிம்மதிதானே?"

நிம்மதியாம். பெரியவள் சாவியை எடுத்துப் பையில் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மேல் வீட்டைத் திறந்தால், பூட்டிக் கிடந்த வீட்டுக்கே உரிய புழுங்கிய வாசனை. மரத்தரை மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பு காலடியில் சரசரத்தது. ஜன்னல்களைத் திறந்தாள். எல்லாக் குழாய்களையும் ஒருமுறை திறந்து மூடினாள். புழங்காத குழாயில் முதலில் செம்மண் நிறத்தில்தான் தண்ணீர் வந்தது. எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் ஒரு நடுத்தர வயதுப் பெண் கையில் துணியோடு நின்றாள். அவ்வளவு பெரிய வீட்டில் அவள் ஒருத்திதான்.

பிளம்பர் வந்துவிட்டதாகக் கீழேயிருந்து அழைப்பு வந்தது.

சின்னவள் வீட்டுக்குள் பெரியவள் நுழைவது இதுவே முதல் தடவை, குடித்தனம் வந்த பிறகு. குறை கண்டுபிடிக்கத் தயாராகத்தான் நுழைந்தாள். கிடைத்தால்தானே? தரையில் வழுக்காத சாதாரண ஓடு. சுவரில் வெள்ளைப் பெயின்ட், துடைத்தால் போகிற வகை. படம் மாட்ட, துணி மாட்ட, பை மாட்டச் சின்னவளே ஒழுங்காகத் துளையிட்டுக் கொக்கிகள் அடித்து வைத்திருந்தாள். அதனால் குடித்தனக்காரர் சுத்தியலைத் தொடவே அவசியமிருக்கவில்லை. குழாய்கள் அழகாக இல்லை, ஆனால் குழந்தை தொங்கினாலும் கழன்று வராது. பார்க்க என்ன இருக்கிறது இந்த வீட்டில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்கவில்லை. ஒன்றுமே இல்லாத இந்த வீட்டில் ஐந்து பேர் சந்தோஷமாக இருந்தார்கள்.

பிளம்பர் பத்து நிமிடத்தில் வாஷர் மாற்றிவிட்டுப் போய்விட்டார். மாஸ்டர் மனைவி விடவில்லை. உட்கார வைத்து டீ போட்டாள். பால்கனி முழுக்க ஈரத்துண்டுகள் காய்ந்தன. பையன்கள் பள்ளிக்கூடம் போயிருந்தாலும், அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு மூலையிலும் தெரிந்தது.

"உங்க தங்கச்சி மாதிரி வீட்டுக்காரங்க கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்க்கா," என்றாள் மாஸ்டர் மனைவி. ஓரகத்தியைத் தங்கச்சி என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். "போன வீட்டுல கதவுத் தாழ்ப்பாள் உடைஞ்சு, வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள அடுத்த வருஷமே வந்துடுச்சு. இவங்ககிட்டச் சொன்னா மறுநாள் ஆள் நிக்கும். வாடகையைக் கூட்டறதுக்கு முன்னாடி எங்களைக் கேட்டாங்க, நம்புவீங்களா? அதான் இவரு பால்கனிக் கம்பிக்கு நாமளே பெயின்ட் அடிச்சுடலாம்னு அடிச்சுட்டாரு."

"அப்படியா," என்றாள் பெரியவள்.

"நாங்க வந்தப்ப பையங்க முழங்கை உயரத்துல எல்லாம் கிறுக்குவாங்களேன்னு பயந்தேன். 'கிறுக்கட்டும், அந்தப் பெயின்ட் அதுக்குத்தான் அடிச்சது'ன்னுட்டாங்க. எவ்வளவு பெரிய மனசு."

அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லியிருந்தால்கூடப் பெரியவள் பொறுத்திருப்பாள். பெரிய மனசு என்றதுதான் வயிற்றுக்குள் போய்த் தீப்பிடித்தது. வீட்டில் அவள் மனசு பெரிசு, ஊரில் அவள் மனசு பெரிசு, இங்கே குடித்தனக்காரர் வாயிலும் அவள் மனசுதான் பெரிசு. அப்படியானால் மற்றவர்களுடையதெல்லாம் என்ன, கடுகா?

"ஒரே குறை," என்று மாஸ்டர் மனைவி குரலைத் தாழ்த்தினாள். "இடம்தான் பத்தலை. பசங்க வளர்றாங்க. மூணு பேரும் ஒரே ரூம்ல. மூத்தவன் படிக்கிறப்ப மத்த ரெண்டும் மேல விழுந்து புரளுது. வேற பெரிய வீடா பார்க்கலாம்னா, இப்படி வீட்டுக்காரங்க கிடைப்பாங்களான்னு இவரு தயங்கறாரு."

அந்த நிமிடத்தில் பெரியவளுக்குள் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருத்தி, டீயைக் குடித்துவிட்டு எழுந்து போடி என்றாள். இன்னொருத்திக்கு 'டிங்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த முதல் தேதி அந்தச் சத்தம் தன் போனிலிருந்து வந்தால் எப்படி இருக்கும்? அதைவிட, சின்னவள் போனிலிருந்து வராமலே போனால்?

"மேல எங்க வீடு காலியாத்தான் இருக்கு," என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியம்.

"அது பெரிய வீடாச்சே. வாடகையும் அதிகம்னு கேள்விப்பட்டோம்."

"சும்மா வந்து பாருங்களேன். பார்க்கறதுக்கா காசு?"

மேலே வந்த மாஸ்டர் மனைவி இரண்டு பால்கனியையும் பார்த்து வாயைப் பிளந்தாள். பிறகு மரத்தரையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"இதுல ஈரக்காலோட நடக்கக் கூடாதுல்ல? எங்க வீட்டுல நாலு ஆம்பளைங்களும் நாள் முழுக்கத் தண்ணிக்குள்ளதான்."

"பாய் விரிச்சுக்கலாம்." ஆணி இருக்கிற செருப்புக்காக ஒரு குடும்பத்தையே திருப்பி அனுப்பிய அதே வாய்தான் இதைச் சொன்னது.

"சுவர்ல கொக்கி இல்லையே."

"அடிச்சுக்குங்க."

"பசங்களுக்குத் தொங்கறதுக்கு வாசப்படி மேல ஒரு கம்பி போட்டிருக்காரு இவரு. தோள் அகலமாகணுமாம்."

பெரியவள் தேக்குச் சட்டம் போட்ட தன் வாசல்படியைப் பார்த்தாள். "போட்டுக்குங்க."

"வாடகை?"

கேட்டுவிட்டாள். பெரியவளுக்கு விற்பனையில் பழுத்த அனுபவம். எவ்வளவு நெருக்கினாலும் கடையில் ஒரு நாற்காலிக்குக் கால் பங்குகூட இறங்க மாட்டாள். இங்கே சின்னவள் எவ்வளவு வாங்குகிறாள் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, அதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொன்னாள். பெரிய வீட்டைச் சின்ன வீட்டு வாடகைக்கும் கீழே. எந்த முட்டாளும் செய்ய மாட்டான். ஆனால் பொறாமைக்கு என்றைக்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தது?

மாஸ்டர் மனைவி மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பால்கனிக்குப் போய்க் கணவருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தாள். முகத்தில் சந்தோஷத்தோடு ஒரு சங்கடமும் இருந்தது.

"அவருக்குச் சம்மதம்தான். ஆனா உங்க தங்கச்சி தப்பா நெனைக்க மாட்டாங்களா? எங்ககிட்ட அவ்வளவு நல்லா இருந்தவங்க."

"நாங்க ஒரே வீட்டுல ஒரே உலையில சாப்பிடறவங்க. இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தற மாதிரி. நான் சொல்லிக்கறேன்."

"இல்லக்கா, நானே சொல்லிடறேன். அதுதான் மரியாதை."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினாள். முன்பணம் என்று ஒரு தொகையை மாஸ்டர் அங்கிருந்தே போனில் அனுப்பிவைத்தார். பெரியவளின் பைக்குள்ளிருந்து 'டிங்' என்றது. எத்தனை மாதமாக ஏங்கிய சத்தம் அது. கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. படியிறங்குகிறபோதுதான் சின்னவளிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"ஆள் வந்தாச்சு. முன்பணமும் வாங்கியாச்சு."

கணவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அவளுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. எத்தனை நாளாயிற்று இந்த மனிதர் இப்படிச் சிரித்து.

"நெசமாவா? கடைசி நாள்ல சாதிச்சுட்டியே. நான்தான் அவசரப்பட்டு என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, கேட்டியா? உங்க அண்ணி மேல் வீட்டுக்கு ஆள் பிடிச்சுட்டா."

கொழுந்தன் அறையிலிருந்து வந்தான். பூனைக்குக்கூடப் பொல்லாப்பு நினைக்காத பிள்ளை. அண்ணன் நில் என்றால் நிற்பான். அண்ணி வைத்த சோறு என்றால் உப்பு தூக்கலாக இருந்தாலும் இரண்டாம் தடவை கேட்பான்.

"ரொம்ப சந்தோஷம், அண்ணி. எங்க கீழ் வீட்டுக்காரங்க மாதிரி தங்கமான ஆளா அமைஞ்சா போதும்."

அதைவிடக் கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

"யாரு, என்ன வேலை?" என்றார் கணவர்.

"நல்ல குடும்பம்தான். நாளைக்கு விவரமா சொல்றேன், உலை கொதிக்குது," என்று சமையலறைக்குள் புகுந்துகொண்டாள். உலையே வைத்திருக்கவில்லை. போய்த்தான் அரிசியைக் களையத் தொடங்கினாள். களைந்த அரிசியையே மூன்று தடவை களைந்தாள்.

சின்னவள் வேலையிலிருந்து வந்த சத்தம் கேட்டது. கைகால் கழுவினாள். நேராகச் சமையலறைக்கு வந்து, உள்பக்கமாகக் கதவைச் சாத்தினாள். பெரியவள் அரிசியிலிருந்து கையை எடுக்கவில்லை. வரட்டும், சண்டைக்கு வரட்டும். குடித்தனக்காரர் என்ன அவள் வீட்டுக் கட்டிலா, எடுத்துக்கொண்டு போவதற்கு? அவர்களுக்கு இடம் பத்தவில்லை, என்னிடம் இடம் இருந்தது. இத்தனை பதிலையும் மத்தியானத்திலிருந்து ஒத்திகை பார்த்தாகிவிட்டது.

"அக்கா, மாஸ்டர் வீட்டம்மா போன் பண்ணினாங்க."

"அவங்களாத்தான் இடம் பத்தலைன்னு..."

"தேங்க்ஸ்க்கா."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். குத்தலா? சின்னவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. களைப்பு இருந்தது. ஒரு பாரத்தை இறக்கி வைத்தவளின் நிம்மதி இருந்தது.

"எதுக்குத் தேங்க்ஸ்?"

"அவங்களைக் காலி பண்ணச் சொல்லணும்னு எத்தனையோ நாளா தவிச்சுக்கிட்டு இருந்தேன். ஒப்பந்தம் இன்னும் முடியலை. அதோட, அவ்வளவு நல்ல மனுஷங்களைப் பார்த்து வெளியே போங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை. அவங்களா போனா யாருக்கும் மனத்தாங்கல் இல்லை."

"தங்கமான ஆளை எதுக்குக் காலி பண்ணச் சொல்லணும்?"

சின்னவள் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நான் அங்க குடிபோகணும்க்கா. எனக்குன்னு ஒரு அடுப்பு, ஒரு கதவு வேணும். வாடகை வராட்டியும் பரவாயில்லைன்னு ஆகிடுச்சு. உங்க மேல கோபமில்ல. ஆனா நான் எந்த டப்பாவை எங்க வெச்சாலும் மறுநாள் காலையில அது இடம் மாறியிருக்கு. எத்தனை வருஷம்க்கா?"

தனி வீடு. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து பெரியவள் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த ஆசை அது. கணவரிடம் கேட்கவே தைரியம் வராத ஆசை. இவள் பாட்டுக்கு, காய்கறி வாங்கப் போகிறேன் என்பது போலச் சொல்கிறாள்.

"அப்ப இன்னைக்கு என்னை அங்க அனுப்பினது?"

"உங்க லீவு நாளா பார்த்துத்தான் பிளம்பரை வரச்சொன்னேன்." சின்னவள் ஒளிக்கவில்லை. "அவங்க இடம் பத்தலைன்னு புலம்புவாங்கன்னு தெரியும். உங்களுக்கு இன்னைக்குக் கடைசி நாள்னும் தெரியும். நீங்க கூப்பிடாம வருவீங்களா?"

"என்னை அவ்வளவு கேவலமா எடை போட்டு வெச்சிருக்கியா?"

"கேவலம்னு எங்க சொன்னேன்? உங்களுக்கும் ஆள் வேணும், எனக்கும் வீடு வேணும். நேரா வந்து சொல்லியிருந்தா, நான் சொன்னேங்கறதுக்காகவே வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. அடித்துப் பிடித்து, தேக்குச் சட்டத்தையும் மரத்தரையையும் காவு கொடுத்து, வாடகையையும் குறைத்து, ஒரு தடவை ஜெயித்தோம் என்று நினைத்தால், அதுவும் இவள் போட்டுக்கொடுத்த பாதையாம். திருட்டில்கூட இவளுக்குக் கீழேதானா?

"இவருக்கு இன்னும் தெரியாது," என்றாள் சின்னவள். குரல் முதல் தடவையாக இறங்கியது. "நானா சொன்னா, அண்ணனை விட்டுப் பிரிக்கறேன்னு மனசு உடைஞ்சுடுவாரு. நீங்க சொன்னா கேட்பாரு. 'தம்பி, உங்களுக்குன்னு ஒரு வீடு இருக்கு, போய் இருங்க'ன்னு அண்ணி வாயால வரணும்க்கா."

"நான் சொன்னா, மூத்தவ விரட்டி விட்டுட்டான்னுதானே நாலு பேரு பேசுவாங்க?"

"பேசுவாங்க," என்றாள் சின்னவள். பிறகு மெதுவாக, "சொல்லலேன்னா நான் இங்கேயேதான் இருப்பேன்," என்றாள்.

பெரியவள் களைந்த அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் போனால் தனி வீட்டுக்காரி ஆகிவிடுவாள். போகாவிட்டால் தினம் இதே சமையலறையில் இதே முகம். போனாலும் வயிறு எரியும், இருந்தாலும் வயிறு எரியும். எந்த எரிச்சல் தேவலை என்று யாரைப் போய்க் கேட்பது?

கதவு தட்டப்பட்டது. கொழுந்தன் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான், கையில் போன். பின்னாலேயே கணவர்.

"அண்ணி, மாஸ்டர் இப்பத்தான் பேசினாரு. கீழ் வீட்டைக் காலி பண்றாங்களாம். மேல போறாங்களாம்." அவனுக்கு இன்னும் நம்ப முடியவில்லை. "நீங்க ஆள் வந்தாச்சுன்னு சொன்னது அவங்களையா?"

கணவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "ஏன் பேசாம நிக்கற? நீயா கூப்பிட்டே?"

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். உங்கள் பெரிய மனசுக்காரியைக் கேளுங்கள் என்றால் போதும். தன் மேல் விழுந்த பழி மொத்தமும் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிடும். சின்னவளுக்கும் அது தெரிந்திருந்தது. அவள் கை மேடையின் விளிம்பைப் பிடித்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் பயத்தைப் பெரியவள் பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்க, வெயிலில் வந்தவளுக்கு மோர் கிடைத்த மாதிரி இருந்தது.

அதை ஒரே வாயில் குடித்துத் தீர்த்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமா," என்றாள். "நான்தான் கூப்பிட்டேன்."

கொழுந்தன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"கேட்டிருந்தா நானே அனுப்பி வெச்சிருப்பேனே, அண்ணி," என்றான். திரும்பிப் போய்விட்டான்.

கணவர் தலையை அசைத்துவிட்டுத் தம்பி பின்னாலேயே போனார். அந்தப் பிள்ளை முகத்தை மட்டும் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சின்னவள் கதவை மறுபடி சாத்தினாள். "ஏன்க்கா என்னைக் காட்டிக் குடுக்கலை?" கண் கலங்கியிருந்தது. "நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நினைக்கவே இல்லை. அவர்கிட்ட எப்பக்கா சொல்வீங்க?"

பெரியவள் அடுப்பைப் பற்றவைத்து, உலைத் தண்ணீரை ஏற்றி, அளவு பார்த்தாள். பிறகுதான், மேடையில் சின்னவள் மாற்றி வைத்திருந்த ஒரு டப்பாவைப் பார்த்தபடி, திரும்பினாள்.

"எனக்கு எப்பத் தோணுதோ, அப்ப," என்றாள். "அதுவரைக்கும் அந்த டப்பாவை எடுத்து நான் வெச்ச இடத்துல வை."